விசையும் கண்ணாடியும்

டில்லி கரோல் பாக்கில் வசிக்கும் முதியவர் ஒருவர் எனக்கு நெடுநாளைய பழக்கம். 1974-ஆம் ஆண்டில் தட்டச்சில் 'ஹையர்' தேறிய சான்றிதழையும் சுருக்கெழுத்துச் சான்றிதழையும் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு கும்பகோணத்திலிருந்து புறப்பட்டு வந்தவர். முப்பத்தைந்து ஆண்டுகள் ஓர் அலுவலகத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றார். அவர் அறைக்குள் தட்டச்சு செய்துகொண்டிருந்தால், வெளியே நிற்பவர்களுக்குத் தகரக் கொட்டகைமேல் மழை பெய்வதுபோல் கேட்குமாம்.

அண்மையில் அவர் வீட்டிற்குப் போயிருந்தபோது, மடியில் ஒரு கைபேசியை வைத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குகிறவரைப்போல ஒற்றை விரலால் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கும்பகோணத்திலுள்ள தம் அக்காளுக்கு நாலு வரி எழுத வேண்டுமாம். அக்காளுக்குக் காது மந்தம். தொலைபேசியில் பேசினால் கேட்காது. ஆங்கில எழுத்தும் தெரியாது. தமிழில் பெரிய எழுத்தாக வந்தால் மட்டுமே படிப்பார். ஆகவே இந்த நாலு வரியை விட்டால் உடன்பிறந்தவர்களுக்கிடையே வேறு பேச்சு இல்லை என்ற நிலை.

"பத்து விரலால் சம்பாதித்துச் சாப்பிட்ட கை சார் இது. இந்தக் கண்ணாடியின்மேல் ஒரு விரலுக்குக்கூட வேலை தெரியவில்லை. இதைவிடப் பெரிய போன் வாங்கித் தருகிறேன் என்கிறான் பையன். பெரிதானால் சரியாகிவிடுமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது அவரைப் போன்ற பலருடைய கேள்வி. பம்பாய்க்கும் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் தட்டச்சு விரல்களை நம்பியே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் அநேகம். அக்குடும்பங்களின் பெரியவர்கள் கண்ணாடித் திரைமுன் தடுமாறுவதைக் காணும்போது, இது வயதின் குற்றமா, கருவியின் குற்றமா என்ற ஐயம் எழுவது இயல்பே. கருவியின் பங்கு நாம் நினைப்பதைவிட அதிகம்.

தட்டச்சுப் பள்ளியில் முதல் நாள் என்ன கற்பித்தார்கள் என்று நினைவுகூருங்கள். இடக்கை விரல்களை ஏ, எஸ், டி, எஃப் விசைகளின்மேல் வைக்கச் சொல்வார்கள். வலக்கைக்கும் அவ்வாறே நான்கு விசைகள். பிறகு கண்ணை விசைகளிலிருந்து விலக்கச் சொல்வார்கள். பலகையைப் பாராமல் அடிக்கும் இந்த முறை 1888-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் நடந்த ஒரு போட்டியினால் பெயர்பெற்றது. நீதிமன்றச் சுருக்கெழுத்தாளரான ஃபிராங்க் மெக்கரின் விசைகளைப் பாராமலே அடித்து, பார்த்து அடித்தவரை வென்றார்.

பாராமல் அடிக்க முடிவது விரலுக்கு விசை சொல்லும் செய்திகளால்தான். விசைக்கு ஓரம் உண்டு. விரல் சற்று விலகினால் ஓரம் தட்டுப்படும். அழுத்தினால் கீழிறங்கும், இறங்கி முடிந்தவுடன் நிற்கும். இன்றைய கணினிப் பலகையில் எஃப், ஜே என்னும் இரு விசைகளின்மேல் சிறு மேடு ஒன்று இருப்பதைத் தடவிப் பார்த்தால் அறியலாம். வழிதவறிய விரல் வீடு திரும்புவதற்கான அடையாளம் அது. இவை யாவற்றிலும் மேலாக, விரல்கள் விசைகளின்மேல் ஓய்ந்து இருக்கலாம். வைத்ததனால் எழுத்து விழாது, அழுத்தினால்தான் விழும்.

கண்ணாடியில் இவற்றுள் ஒன்றும் இல்லை. விசைக்கும் விசைக்கும் இடையே கோடு வரையப்பட்டிருக்கிறதே தவிர, விரல் அதை உணராது. தொட்டாலே எழுத்து விழுந்துவிடுவதால் விரலை எங்கும் ஊன்றி வைக்க முடியாது. அந்தரத்திலேயே நிறுத்த வேண்டும். அழுத்தும்போது சிறு அதிர்வோ ஓசையோ உண்டாகும்படி செய்திருக்கிறார்கள். அது ஏதோ ஒன்று அழுந்தியது என்று சொல்லுமேயன்றி, எது அழுந்தியது என்று சொல்லாது. விரல் செய்துவந்த காவல் வேலை முழுவதும் கண்ணின்மேல் விழுகிறது. விசையைப் பார், விழுந்த எழுத்தைப் பார், மறுபடி விசையைப் பார். என் நண்பர் ஐம்பது ஆண்டுகளாகப் பயின்றது விசையைப் பாராதிருக்கும் கலை. கண்ணாடி அதற்கு நேர்மாறானதைக் கேட்கிறது. பேரப்பிள்ளைகள் மறக்க வேண்டிய பழக்கம் ஏதும் இல்லாமையால் விரைவில் தேறிவிடுகிறார்கள்.

கைபேசியில் உண்மையான விசைகள் இருந்த காலமும் உண்டு. பன்னிரண்டு பொத்தான்களில் 'எஸ்' என்னும் எழுத்துக்கு 7-ஆம் எண்ணை நான்கு முறை அழுத்திய அனுபவம் பலருக்கு நினைவிருக்கும். கனடா நாட்டு நிறுவனம் ஒன்று 1999 முதல் வெளியிட்ட பிளாக்பெர்ரி, எழுத்துக்கு ஒரு விசை வீதம் வைத்து, இரு கட்டைவிரல்களால் அடிக்கும் வழக்கத்தை உலகுக்குக் கொடுத்தது. விசைகள் மிகச் சிறியவை. ஆயினும் ஒவ்வொன்றும் சரிவாகச் செதுக்கப்பட்டிருந்ததால் கட்டைவிரல் பாராமலே கண்டுபிடித்தது. 2007 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபோனை அறிவித்தபோது, விசையே இல்லாத இதில் கடிதம் எழுதுவது எங்ஙனம் என்று எள்ளி நகையாடியவர் பலர்.

அந்த நகைப்பு முற்றும் காரணமற்றதன்று. நிறுவனத்தின் உள்ளேயே அந்த அச்சம் இருந்தது. 2005-இல் இந்த விசைப்பலகை சரிவராமற்போகவே, மென்பொருள் எழுதுவோர் பிற வேலைகளை நிறுத்திவிட்டு அதற்கே வழி தேடினர். அவர்களுள் கென் கொசியெண்டா என்பவர் முதலில் ஒரு விசையில் பல எழுத்துகளை வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். பின்னர் எழுத்துக்கு ஒரு விசை என்னும் முறைக்கே திரும்பினார். தவறாக விழும் தொடுகைகளை அகராதியின் துணைகொண்டு திருத்தும் முறையே பலகையைக் காப்பாற்றியது. அதனோடு ஒரு மறைவான உபாயமும் உண்டு. நீங்கள் அடித்துள்ள எழுத்துகளுக்கு அடுத்து எது வரக்கூடும் என்று கருவி ஊகித்து, அந்த எழுத்தின் தொடுமிடத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் அகலமாக்கிவிடுகிறது. திரையில் விசை முன்போலவே தோன்றும். ஆனால் சற்று விலகித் தொட்டாலும் ஏற்றுக்கொள்ளும். விரலின் பிழையை ஊகத்தினால் ஈடுசெய்யும் இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; தமிழைப் பற்றிப் பேசும்போது மீண்டும் வருவோம்.

இனி அளவைப் பார்ப்போம். திரையின் அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. எழுதுகிறவனுக்கு வேண்டியதோ அகலம். முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம், அதன் அகலம் ஏறத்தாழ 49 மில்லிமீட்டர். ஆங்கிலப் பலகையின் மேல் வரிசையில் பத்து எழுத்துகள். ஆக, ஒரு விசைக்கு 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இன்று வழக்கிலுள்ள 6.1 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 65 மில்லிமீட்டர், விசைக்கு ஆறரை. 6.7 அங்குலமானால் ஏழு. கணினிப் பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு 19 மில்லிமீட்டர். விரல் நுனி பதியும் இடமோ ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். எவ்வளவு பெரிய கைபேசி வாங்கினாலும் விசை விரலைவிடச் சிறியதாகவே இருக்கும் என்பது இதிலிருந்து விளங்கும். மூலைக்கு மூலை அளவு ஏறத்தாழ இருமடங்கான பின்னும் விசைக்குக் கிடைத்தது இரண்டு மில்லிமீட்டர்தான். திரை வளர்ந்ததெல்லாம் பெரும்பாலும் நீளவாட்டில். எழுதுவதைவிடப் படம் பார்ப்பதற்கு அது உதவிற்று.

விரல் செல்ல வேண்டிய தூரம் கூடக் கூடவும், தொட வேண்டிய இடம் சுருங்கச் சுருங்கவும் அதிக நேரம் பிடிக்கும் என்பதை அமெரிக்க உளவியலார் பால் ஃபிட்ஸ் 1954-இலேயே கணக்கிட்டுக் காட்டினார். பெரிய கைபேசி விசையை அகலமாக்குகிறது. கூடவே தூரத்தையும் கூட்டுகிறது. இரு கைகளால் பிடித்து இரு கட்டைவிரல்களால் அடிக்கிறவருக்குத் தூரம் பாதியாகிவிடும். அவருக்கு அகலம் லாபம். ஒரு கையால் பிடித்து அதே கையின் கட்டைவிரலால் அடிப்பவருக்கு எதிர்ப்பக்கம் எட்டாது. ஸ்டீவன் ஹூபர் என்னும் ஆய்வாளர் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பொது இடங்களில் கைபேசி பயன்படுத்திய 1,333 பேரைக் கவனித்ததில், திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களுள் 49 விழுக்காட்டினர் ஒரு கையாலேயே பிடித்திருந்தனர். டில்லி மெட்ரோவில் ஒரு கை மேற்கம்பியிலும் ஒரு கை போனிலுமாக நிற்பவர்களைப் பார்த்திருப்போர்க்கு இது வியப்பளிக்காது. அத்தகையோருக்காகப் பலகையை ஓரமாக ஒதுக்கித் தரும் வசதியை வைத்திருக்கிறார்கள். ஒதுக்கும்போது பலகை சுருங்கி, விசை மறுபடி பழைய சிறு போனின் அளவுக்கே வந்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்! முதல் ஐபோன் 135 கிராம்; இன்றைய பெரிய போன்கள் 200 கிராமுக்கு மேல். அந்தப் பாரத்தைச் சுண்டுவிரலில் தாங்கிக்கொண்டே கட்டைவிரலை நீட்டினால் அதன் அடிமூட்டு வலிப்பதில் அதிசயம் என்ன? சிறிய போனை விரும்புவோருக்கென்று ஆப்பிள் 2020-லும் 2021-லும் 5.4 அங்குலத்தில் வெளியிட்டது. 2022-இல் வந்த வரிசையில் அந்த அளவு இடம்பெறவில்லை.

வேகத்தைப் பற்றியும் ஒரு நல்ல ஆராய்ச்சி உண்டு. பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகமும், கேம்பிரிட்ஜ், ஜூரிச் நகரங்களின் கல்விக்கூடங்களும் சேர்ந்து 37,000 பேரைக் கைபேசியில் ஆங்கிலம் அடிக்கச் செய்து 2019-இல் முடிவை வெளியிட்டன. சராசரி வேகம் நிமிடத்திற்கு 36 சொற்கள்; இரு கட்டைவிரல்களால் அடித்தோர் 38. கணினிப் பலகையில் இதே குழுவினர் முன்பு கண்ட சராசரி ஏறத்தாழ 52. நம்மூர்த் தட்டச்சுத் தேர்வில் 'லோயர்' தேற நிமிடத்திற்கு 30 சொற்களும் 'ஹையர்' தேற 45 சொற்களும் வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கே போகாத கட்டைவிரல் 'லோயரை'த் தாண்டிவிட்டது. 'ஹையர்' இன்னும் எட்டவில்லை. தானாகத் திருத்தும் வசதியைப் பயன்படுத்தியவர்கள் விரைவாகவும், மேலே தோன்றும் சொற்களைத் தேடித் தொட்டவர்கள் மெதுவாகவும் அடித்தார்கள் என்பது இந்த ஆராய்ச்சியின் இன்னொரு முடிவு. சொல்லைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் அதை அடித்தே முடித்துவிடலாம் போலும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆங்கிலத்தின் கதை. நண்பருடைய சங்கடம் தமிழில். அவர் தம் வாழ்நாளில் ஒருநாளும் தமிழைத் தட்டச்சு செய்ததில்லை. அவர் விரல்கள் கற்றது ஆங்கிலப் பலகை. தமிழை அவர் இன்லாண்டு கடிதத்தில் பேனாவால் எழுதியவர். கண்ணாடிதான் அவருக்குக் கிடைத்த முதல் தமிழ் விசைப்பலகை.

தமிழுக்கு விசை வார்ப்பது எளிதாக இருந்ததில்லை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247 எழுத்துகள். ரெமிங்டன் நிறுவனம் ஆங்கிலத் தட்டச்சுப் பொறியை 1874-இல் விற்கத் தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா 1930-களில்தான் தமிழுக்கு ஏற்ற பலகையை வகுத்தார். ஜெர்மானிய நிறுவனம் ஒன்று அதைப் பொறியாகச் செய்துகொடுத்தது. புள்ளி, இகரக் கொம்பு போன்ற குறிகளை அடிக்கும்போது தாள் நகராமல் நிற்கும்படி 'நகரா விசை'களை அமைத்து, குறியும் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்தார். விசை உலோகமாக இருந்தவரை இவ்வளவு பாடு பட்டால்தான் தமிழ் அதில் ஏறும். பிளாக்பெர்ரியின் விசைகளிலும் பொறிக்கப்பட்டிருந்தவை ரோமன் எழுத்துகளே. இன்று நம் வீடுகளிலுள்ள கணினிப் பலகைகளும் பெரும்பாலும் அவ்வாறே. கண்ணாடிக்கு இந்தக் கட்டு இல்லை. அக்காளுக்குத் தமிழ், அடுத்த வீட்டுக்காரருக்கு இந்தி, அலுவலகத்துக்கு ஆங்கிலம் என்று ஒரே இடத்தில் மூன்று பலகைகளை மாற்றி மாற்றி வரைந்து காட்டுகிறது. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது சிறிய உதவியன்று.

ஆனால் அதற்கு விலையும் உண்டு. தமிழக அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 பலகையில் உயிரும் மெய்யும் ஆய்தமும் சேர்ந்து 31 எழுத்துகள். மேல் வரிசையில் மட்டும் பன்னிரண்டு. அதை அப்படியே 65 மில்லிமீட்டர் கண்ணாடியில் வரைந்தால் விசைக்கு ஐந்தரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஆங்கிலம் அடிப்பவருக்கு 6.1 அங்குலத்தில் கிடைக்கும் வசதி தமிழ் அடிப்பவருக்கு 6.7 அங்குலத்திலும் கிடைக்காது. கருவியின் ஊகமும் தமிழில் அவ்வளவு துணை செய்வதில்லை. ஆங்கிலச் சொல்லுக்கு வடிவங்கள் சில. 'வீடு' என்னும் நம் சொல்லோ வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து, வீட்டிலிருந்துதான் என்று வளர்ந்துகொண்டே போகும். எல்லாவற்றையும் அகராதியில் அடக்க இயலாது. போதாக்குறைக்கு நாம் வீட்டாருக்கு எழுதுவது பேச்சுத் தமிழில். ஆங்கிலத்தில் விரல் பிழையை மறைத்த திரை தமிழில் பாதி விலகிவிடுகிறது.

இந்தச் சங்கடத்திற்கு அஞ்சியே பலர் ரோமன் எழுத்தில் அடித்துவிடுகிறார்கள். ரோமனில் அடித்தால் தமிழாக்கித் தரும் பலகைகளும் உண்டு, அவை பயனுள்ளவையே. தமிழாக்காமல் அப்படியே அனுப்பும்போதுதான் தொல்லை. 'பி ஏ எல் ஏ எம்' என்று ஐந்து எழுத்தைப் போட்டு, வாங்கி வைக்கவும் என்று பேரன் எழுதினால், அது பழமா, பலமா, பாலமா என்று பாட்டி ஊகிக்க வேண்டும். மூன்றில் ஒன்றைத்தான் கடையில் வாங்க முடியும் என்பதால் அந்தமட்டில் பிழைத்தோம். நண்பரின் அக்காளைப் போன்றவர்க்கு அந்த ஊகத்திற்கும் இடமில்லை. அவருக்கு அது வெறும் கோடுகள்.

தமிழ்99 பலகையின் அமைப்பை ஒருமுறை கவனித்துவிட்டால் பயம் போய்விடும். உயிரெழுத்துகள் இடப்புறம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலப்புறம். தமிழ்ச் சொல்லில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் இரு கைகளுக்கும் வேலை மாறி மாறிக் கிடைக்கிறது. 'கொ' வேண்டுமானால் க, ஒ என்று இரண்டு தொடுகை. 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கு. முதல் மகரத்திற்குப் புள்ளி தானே விழும். 'தங்கம்' என்பதற்குத் த, ங, க, ம, பிறகு புள்ளிக்காக ஆய்தம், ஆக ஐந்து. ங-வுக்குப் புள்ளியை நாம் இடவேண்டியதில்லை. ககரம் தொடர்வதைக் கண்டு பலகையே இடும். விசை சிறியதேயானாலும் தொடுகைகள் குறைவு. ஐபோனில் இந்தப் பலகை உடன் வருகிறது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினத்திலும் இது உண்டு. எதில் அடித்தாலும் ழ, ள, ல மூன்றும் தனித்தனி விசைகளாகக் கண்முன் நிற்கும். வீட்டில் தமிழ் பேசியும் பள்ளியில் தமிழ் படியாத குழந்தைகள், அந்த விசைகளைத் தேடித் தேடியே எழுத்தைப் பழகிக்கொள்வதை இரண்டொரு வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

வாயால் சொன்னால் தானே எழுதிக்கொள்ளும் வசதி இருக்க விரலுக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்கலாம். நண்பரும் அதை முயன்றார். நீண்ட செய்திக்கு நன்றாகவே உதவுகிறது. ஊர்ப்பெயரும் உறவுப்பெயரும் வந்தால் தடுமாறுகிறது. அந்தப் பிழையைத் திருத்த மறுபடி விரலிடம்தான் வர வேண்டும்.

பெரிய போன் வாங்கவேண்டாம் என்று நண்பரிடம் சொன்னேன். அவர் இரு கட்டைவிரல்களால் அடிப்பவராக இருந்தால், தமிழுக்காகவே அரை அங்குலம் கூடுதலாக வாங்கலாம் என்றிருப்பேன். அவரோ மேசைமேல் கைபடிந்து பழகியவர். கையில் பிடித்து அடிப்பதே அவருக்கு இடைஞ்சல். உள்ள போனையே சாப்பாட்டு மேசையில் ஒரு தாங்கியில் சாய்த்து, குறுக்குவாட்டில் திருப்பி வைத்தோம். அப்போது திரையின் நீளம் பலகையின் அகலமாகிறது. தமிழ் விசையும் ஒரு சென்டிமீட்டரைத் தொடுகிறது. எழுதிய வரிகளில் ஒன்றிரண்டுதான் கண்ணுக்குத் தெரியும் என்பது அதிலுள்ள குறை. நாலு வரி எழுதுகிறவருக்கு அது பொருட்டல்ல. கம்பியில்லாமல் போனுடன் இணையும் தனி விசைப்பலகைகள் கடைகளில் கிடைக்கின்றன. ஆங்கிலத்துக்கு அவருடைய பத்து விரலுக்கும் அது பழைய வீடு. ஆனால் தமிழ்ப் பலகை அதில் சரியாக இயங்குகிறதா என்று தம் போனுடன் இணைத்து, கடையிலேயே 'வாழைப்பழமும் வெள்ளரிக்காயும்' என்று அடித்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வாரம் போனபோது இரு ஆள்காட்டி விரல்களால் அடித்துக்கொண்டிருந்தார். மழை பெய்யும் ஓசை இல்லை; தூறல் அளவுக்கு இருந்தது. அக்காளுக்கு அவர் முதலில் அனுப்பியது, காவேரியில் தண்ணீர் வந்துவிட்டதா என்ற ஒரே வரி. மாலைக்குள் பதில் வந்துவிட்டதாம். அக்காளின் பேத்தி அருகிலிருந்து அடித்தது. தண்ணீர் வந்தது என்பதோடு, 'கும்பகோணம்' என்பதில் ஒரு ணகரம் தவறியிருந்ததையும் அக்காள் குறிப்பிட்டிருந்தார்.